பதினான்கு சிரிப்பு

எதிர் ஃபிளாட்டுக் குழந்தை இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவள் அம்மா காலையில் வந்து புகார் சொன்னாள். புகார் என் மேல்தான்.

"அங்கிள், 'சிங்காரம் டவுன் பஸ்' நீங்கதானே எழுதினது? அறுபத்து மூணாவது எபிசோடுல அந்தக் கழுதை எதுக்கு அப்படி அழுவுது? இவ 'கழுதைய யாரும்மா அடிச்சா'ன்னு கேட்டுக்கிட்டே இருக்கா."

"மெஷின் கோளாறும்மா. சரி பண்ணிடுவாங்க" என்றேன்.

பொய். எழுபத்திரண்டு வயதில் மாத்திரையின் பெயர் ஞாபகம் இருப்பதில்லை. பொய் மட்டும் தங்குதடையில்லாமல் வருகிறது.

முப்பது முப்பத்தைந்து வருடத்துக்கு முன்னால் தமிழ்நாட்டில் குழந்தையாக இருந்தவர்களுக்குச் சிங்காரத்தை அறிமுகம் செய்ய வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். அது ஒரு கார்ட்டூன் தொடர். ஓட்டை டவுன் பஸ் ஒன்று, அதற்கு எருமை டிரைவர், கழுதை கண்டக்டர். கண்டக்டரின் பெயர் சிங்காரம். வாரத்துக்கு ஒருமுறை அவன் படிக்கட்டிலிருந்து விழுவான், டயரில் சிக்குவான், பயணிகளிடம் உதை வாங்குவான். எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டு ஒரு சிரிப்புச் சிரிப்பான். அந்தச் சிரிப்புக்காகத்தான் ஊரே உட்கார்ந்து பார்த்தது. வசனமும் குரல் இயக்கமும் நான், சாரங்கன். சிங்காரத்தின் குரல் அருளாந்து.

இப்போது தொடரை ஒரு பெரிய கம்பெனி வாங்கிப் புதுப்பித்து வரிசையாக வெளியிட்டு வருகிறது. அதில் கடைசியாக வந்த அறுபத்து மூன்றாவது எபிசோடு ஊர் வாயில் விழுந்துவிட்டது. எருமை டிரைவருக்குப் பிறந்தநாள். சிங்காரம் கேக்கைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸின் பின்பக்கத்திலிருந்து முன்பக்கம் போக வேண்டும். பதினான்கு முறை விழுவான், பதினான்கு முறை எழுந்து சிரிப்பான். புதிய பதிப்பில் அவன் எழுந்திருக்கிறான், ஆனால் சிரிக்கவில்லை. முகம் கோணி, கண் நிறைந்து, பஸ்ஸின் கதவையே பார்த்துக்கொண்டு அழுகிறான். சுற்றிலும் ஆடும் கோழியும் கைதட்டிச் சிரிக்கின்றன. ஆறாவது விழுதலோடு நான் டிவியை அணைத்துவிட்டேன்.

பத்து மணிக்குக் கம்பெனியிலிருந்து பிரணவ் வந்தான். முப்பது வயது இருக்கும். புதுப்பிக்கும் வேலை முழுக்க அவன் பொறுப்பு. கையோடு ஒரு கேமராவும் கொண்டுவந்திருந்தான்.

"முதல்ல நாங்களும் கோளாறுன்னுதான் சார் நெனச்சோம்" என்றான். "மூணு தடவை திருப்பி ஓட்டிப் பாத்தாச்சு. மூணு தடவையும் கழுதை அழுவுது."

"உங்க மெஷின் என்னதான் செய்யுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லு."

"பழைய படத்துல ஒவ்வொரு ஆளுக்கும் ஆறே முகம்தான் சார் இருக்கு. சிரிப்பு, கோபம், பயம், அப்படி. அதையே மாத்தி மாத்திப் போட்டிருக்கீங்க."

"ஆறு வரையறதுக்கே நாக்கு தள்ளிடுச்சு."

"தெரியும் சார். நாங்க என்ன பண்றோம்னா, ஒலிப்பதிவை மெஷினுக்குக் கொடுக்கறோம். பேசினவர் மனசுல அந்த நேரம் என்ன இருந்துச்சுன்னு அது குரல்லேர்ந்து எடுக்கும். மூச்சு எங்க அடைக்குது, தொண்டை எங்க இறுகுது, எல்லாம். அதுக்கு ஏத்த மாதிரி முகத்தைப் புதுசா வரையும். வசனத்தை அது பாக்காது. குரலை மட்டும்தான் பாக்கும்."

"நாங்க குரலை வேகமா ஓட்டிக் கீச்சுக் குரலாக்கித்தானே சேர்த்தோம்."

"அந்த வேகத்தைக் கழிச்சிட்டுத்தான் அது கேக்கும். ஒரிஜினலா அவர் மைக் முன்னாடி நின்ன குரல்."

நான் தண்ணீர் குடித்தேன். எங்கள் ஸ்டூடியோவில் ஒரு வழக்கம் இருந்தது. நிதானமாகப் பேசவைத்துப் பதிவு செய்வோம், பிறகு டேப்பை வேகமாக ஓட்டிக் கேட்போம். வேகத்தில் நன்றாக இருந்தால் டேக் ஓகே. நிதானத்தில் எப்படி இருந்தாலும் எங்களுக்கு அக்கறை கிடையாது. வேகமாக ஓட்டினால் விசும்பலும் சிரிப்பும் ஏறக்குறைய ஒன்றுதான்.

"கோளாறு இல்லைன்னு தெரிஞ்சதும் பழசைத் தேடினோம்" என்று பிரணவ் தன் போனை நீட்டினான். "இதைப் பாருங்க. பத்து வருஷத்துக்கு முன்னாடி ஒரு பத்திரிகையில நீங்க கொடுத்த பேட்டி."

அதில் என் படம், அதற்குக் கீழே நான் சொன்னது. மனைவி பிரசவ ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடுகிறாள் என்று தகவல் வந்தும், 'குழந்தைங்க காத்துக்கிட்டிருப்பாங்க சார், முடிச்சுட்டே போறேன்' என்று நின்று பதினான்கு சிரிப்பையும் கொடுத்துவிட்டுப் போன கலைஞர் அருளாந்து. தொழில் பக்தி என்றால் அது.

"நேத்துலேர்ந்து இது ஊரெல்லாம் சுத்துது சார். திட்டினவங்களே இப்ப அழறாங்க. நீங்க கேமரா முன்னாடி ஒரே ஒரு நிமிஷம், அதே விஷயத்தை உங்க வாயால சொன்னாப் போதும். எபிசோடுக்கு முன்னாடி போட்டுடலாம். அவருக்கும் ஒரு மரியாதை."

"அவர் இருக்காரா?"

"திருச்சியில இருக்கார்னு கேள்வி. ஸ்ட்ரோக் வந்து பேச்சு இல்லையாம். நாங்க இன்னும் போய்ப் பாக்கல."

பேச்சு இல்லை என்றதும் எனக்குள் ஒரு நிம்மதி ஓடியது. மறைப்பதற்கில்லை, ஓடியது. அடுத்த நொடியே அதற்காக என்னை நானே திட்டிக்கொண்டேன். சாயங்காலம் வா, யோசித்துச் சொல்கிறேன் என்று பிரணவை அனுப்பிவைத்தேன். கேமராவைச் சோபாவிலேயே வைத்துவிட்டுப் போனான். சம்மதிப்பேன் என்று அவனுக்கு அவ்வளவு நம்பிக்கை. எனக்கும்தான்.

மதியம் இரண்டு மணிக்கு அழைப்பு மணி அடித்தது. வாசலில் நாற்பதைத் தாண்டிய ஒரு பெண், தோளில் பை, கையில் குடை. ரயிலில் வந்த களைப்பு தெரிந்தது.

"சாரங்கன் சார்தானே? என் பேரு ஸ்டெல்லா. திருச்சியில டீச்சரா இருக்கேன்." கொஞ்சம் தயங்கி, "அருளாந்து பொண்ணு" என்றாள்.

அவளை நான் கடைசியாகப் பார்த்தபோது அவளுக்குப் பதினோரு வயது. அம்மாவின் சவப்பெட்டிக்குப் பக்கத்தில் பள்ளிக்கூட யூனிஃபாரத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"வாம்மா. உக்காரு."

உட்கார்ந்தாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கவில்லை. கேமராவைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன் சார். அப்பாவை சிஸ்டருங்க நடத்தற இல்லத்துல வெச்சிருக்காங்க. டாக்டர் நாள் சொல்லிட்டார். பாக்கறதுன்னா இப்பவே வந்து பாத்துடுங்கன்னு சிஸ்டர் போன் பண்றாங்க. என் வீட்டுக்கும் அந்த இல்லத்துக்கும் மூணு கிலோமீட்டர்தான். நான் அப்பா முகத்தைப் பாத்துப் பத்தொம்பது வருஷம் ஆச்சு."

"ஏம்மா?"

கேட்டிருக்கக் கூடாது. ஏன் என்று இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த அளவுக்கு யாருக்கும் தெரியாது.

"அம்மா செத்த அன்னிக்கு நீங்கதானே சார் எங்க மாமாகிட்ட சொன்னீங்க? 'பதினோரு மணிக்கே தகவல் சொல்லிட்டோம், முடிச்சுட்டுப் போறேன்னு அவர்தான் நின்னுட்டார்'னு. நான் பக்கத்துல உக்காந்திருந்தேன், என் காதுல விழுந்துச்சு. அம்மா ரெண்டரை வரைக்கும் உயிரோட இருந்தாங்க. வாசலைப் பாத்துக்கிட்டே இருந்தாங்களாம். மாமா என்னைத் திருச்சிக்குக் கூட்டிட்டுப் போயிட்டார். அப்பா பின்னாடியே வந்து அந்த ஊர்லயே ஒரு ரூம் எடுத்துத் தங்கிட்டாரு. 'எனக்கு யாரும் சொல்லலம்மா, சத்தியமாச் சொல்லல'ன்னு எத்தனையோ தடவை சொன்னாரு. நான் நம்பல. என் கல்யாணத்துக்கு அவருக்குப் பத்திரிகை வெக்கலாமான்னு கேட்டவங்ககிட்ட, அவர் வந்தா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்னு சொன்னேன். அன்னிக்கு சர்ச் கேட்டுக்கு வெளிய நின்னுட்டுப் போயிட்டாராம்."

குரல் உடையவில்லை. வகுப்பில் பாடம் சொல்வதுபோலச் சொல்லிக்கொண்டு வந்தாள்.

"இப்ப இந்த எபிசோடு வந்திருக்கு. பசங்க ஸ்கூல்லயே போட்டுப் பாக்கறாங்க. அப்பா அப்படி அழுவுறாரு. ஊரெல்லாம் என்ன சொல்லுது? எல்லாம் தெரிஞ்சும் தொழிலுக்காக நின்னாரு, பெரிய கலைஞன்னு சொல்லுது. எனக்குக் கலைஞன் வேணாம் சார். தெரிஞ்சு நின்னாருன்னா நான் போகப் போறதில்ல. தெரியாமதான் நின்னாருன்னா… தெரியுமா தெரியாதா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க."

தெரியும் என்று சொன்னால் போதும். பத்திரிகையில் சொன்னது, செத்த வீட்டில் சொன்னது, இன்று சாயங்காலம் கேமரா முன்னால் சொல்லப்போவது எல்லாம் ஒன்றாகப் பொருந்திவிடும். அவள் எழுந்து போய்விடுவாள். அவருக்குப் பேச்சு இல்லை. ஒலிப்பதிவு எஞ்சினியர் செத்துப்போய் எட்டு வருடம். என்னைக் கேட்க ஆளே இல்லை.

"தெரியாது" என்றேன்.

"போன் பதினோரு மணிக்கு வந்தது. மேனேஜர் ரூமுக்கு. 'மனைவி மதலை மேரி சீரியஸ், உடனே வரவும்'னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதி என்கிட்டக் கொடுத்தாங்க. ரெக்கார்டிங் ரூம் வாசல்ல சிவப்பு விளக்கு எரிஞ்சா யாரும் கதவைத் திறக்கக் கூடாதுன்னு நான்தான் சட்டம் போட்டிருந்தேன். அந்தச் சட்டம் நல்லதாப் போச்சு. சீட்டை மடிச்சு சட்டைப் பையில வெச்சுக்கிட்டேன். சாயங்கால ஃபிளைட்ல டேப் சிங்கப்பூருக்குப் போகணும். அங்கேர்ந்துதான் ஒளிபரப்பு. போகலைன்னா அந்த வாரம் எபிசோடு இல்ல. இவர் போயிட்டா அன்னிக்குத் திரும்ப மாட்டார்னு எனக்குத் தெரியும்."

"அப்பா கேக்கலியா?"

"மூணு தடவை கேட்டார். காலைல கிளம்பறப்பவே அவங்களுக்கு உதிரப்போக்கு, அதனால மனசு சரியில்லைன்னார். ஒரு போன் பண்ணிட்டு வந்துடறேன் சார்னார். நானே வெளிய போயிட்டு வந்து, 'பண்ணிட்டேன்யா, எல்லாம் நல்லா இருக்காம், நீ சிரிப்பை முடி'ன்னேன். மூணு தடவையும்."

"அப்ப அவரு எதுக்கு அழுதாரு?"

"பயந்தும்மா. நான் சொன்னதை அவர் முழுசா நம்பல. நம்பாம இருக்கவும் தைரியம் இல்ல. வெளிய போனா அடுத்த வாரம் வேற ஆளைப் போடுவேன்னு அவருக்குத் தெரியும். ஒரு சிரிப்புகூட நெஜச் சிரிப்பா வரல. எனக்குக் கண்ணாடி வழியாத் தெரிஞ்சுது. வேகமா ஓட்டிக் கேட்டோம். பிரமாதமா இருந்துச்சு. ஓகேன்னுட்டேன்."

அதற்கு மேலும் ஒன்று சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். அருளாந்து அதன் பிறகு ஸ்டூடியோ பக்கமே வரவில்லை. தொடர் இன்னும் நான்கு வருடம் ஓடியது. வசனத்துக்கு மிமிக்ரி ஆள் ஒருவரைப் பிடித்தோம். சிரிப்பு மட்டும் அவருக்கு வரவில்லை. அன்று பதிவான பதினான்கில் நல்லதாக ஒன்றை எடுத்து எல்லா எபிசோடிலும் ஒட்டினோம். டைட்டிலிலும் அதுதான். நோட்டுப் புத்தகத்தோடு இலவசமாகக் கொடுத்த பொம்மையின் வயிற்றை அழுத்தினால் கேட்டதும் அதுதான்.

"அந்த பொம்மை எங்க மாமா வீட்டுலயும் இருந்துச்சு" என்றாள் ஸ்டெல்லா.

பால்காரர் வந்து மணி அடித்துவிட்டுப் போனார். அவள் அழுவாள், என்னைத் திட்டுவாள், செருப்பைக் கழற்றினாலும் கழற்றுவாள் என்று காத்திருந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அதைத் தாங்க முடியாமல் நானே வாயை விட்டேன்.

"நான் மனுஷனே இல்லைன்னு நெனச்சுடாதம்மா. அன்னிக்கு பூரா அந்தச் சீட்டு பையில நெருப்பா சுட்டுச்சு. வெளியதான் சிரிச்சேன். உள்ளுக்குள்ள நானும் துடிச்சுக்கிட்டுதான் இருந்தேன்."

இதை நான் நடிப்புக்காகச் சொல்லவில்லை. முப்பத்திரண்டு வருடமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தது இதுதான். ராத்திரி படுக்கும்போது என்னைத் தூங்கவிட்டது இந்த ஒரு வரிதான். தப்புச் செய்தேன், ஆனால் துடித்தேன்.

ஸ்டெல்லா என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"சார், எபிசோடை முழுசாப் பாத்தீங்களா?"

"பாதிதான் பாத்தேன். முடியல."

"நான் ஒம்பது தடவை பாத்தேன்." பையிலிருந்து போனை எடுத்துக் கடைசிப் பகுதிக்குத் தள்ளினாள். "கடைசியில எருமை டிரைவர் பேசறாரு இல்ல, அந்தக் குரல் யாரோடது?"

எருமைக்கு வழக்கமாகப் பேசுகிறவர் அந்த வாரம் பழனிக்குக் காவடி எடுத்துப் போயிருந்தார். ஆளில்லாததால் நானே மைக் முன்னால் போய் நின்றேன். சிரிப்பெல்லாம் முடிந்த பிறகு, அருளாந்துக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசினேன். மணி மூன்று இருக்கும். அதற்குள் மதலை மேரி செத்து அரைமணி ஆகியிருந்தது.

"என்னோடது" என்றேன்.

"அப்படித்தான் நெனச்சேன். இப்ப பேசறப்போ தெரிஞ்சுது." போனை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

எருமை கேக்கை வாங்கிக்கொண்டு, 'சிங்காரம், உன்ன மாதிரி ஆள் கெடைக்க நான் குடுத்து வெச்சிருக்கணும்டா' என்றது. நான் எழுதிய வசனம், நான் பேசிய வசனம். மெஷின் அதற்கு ஒரு முகம் வரைந்திருந்தது. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தேன். அவள் கேட்காமலே மறுபடி ஓட்டினாள்.

நல்ல முகம். திருப்தியான முகம். வேலை நேரத்துக்கு முடிந்துவிட்டது, டேப் ஃபிளைட்டைப் பிடித்துவிடும் என்கிற மனிதனின் முகம். கண்ணோரத்தில் ஒரு சின்னச் சிரிப்பு. அதில் நெருப்பும் இல்லை, துடிப்பும் இல்லை. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த கழுதையின் முகத்தில் ஈரம் இன்னும் காயவில்லை. எருமை அதைப் பார்க்கக்கூட இல்லை. மூன்றாம் தடவை ஓட்டச் சொல்லி, வருத்தத்தின் ஒரு கோடாவது எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். ஒன்றும் இல்லை. அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்திருக்கிறேன்.

மெஷின் தப்புப் பண்ணியிருக்கும்மா என்று சொல்ல வாயைத் திறந்தேன். அவள் கண்ணைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன்.

என் வாழ்க்கையில் நிறைய வெட்கப்பட்டிருக்கிறேன். தொழிலில் அது சகஜம். ஆனால் அதுவரைக்கும் நான் செய்ததற்காகத்தான் வெட்கப்பட்டேன். அதற்காக வெட்கப்பட்டவன் என்பதில் எனக்கு ஒரு சின்னக் கௌரவம் இருந்தது. அந்தக் கௌரவமும் பொய் என்று இப்போது தெரிந்தது. உட்கார்ந்திருந்த நாற்காலியில் என் உடம்பே எனக்கு அசிங்கமாக இருந்தது.

ஸ்டெல்லா போனை எடுத்து யாரையோ அழைத்தாள். "சிஸ்டர், நான் ஸ்டெல்லா. ஆமா சிஸ்டர், வர்றேன். நாலு மணி ரயிலுக்கு ஏறிடுவேன். அப்பா முழிச்சிருக்காரா? ஒரு நிமிஷம் போனை அவர் காதுகிட்ட வைங்க."

நான் எழுந்து உள்ளே போகப் பார்த்தேன். அப்பாவும் மகளும் பேசட்டும் என்று.

"உக்காருங்க சார்" என்றாள். "அப்பாவால பேச முடியாது. காது நல்லாக் கேக்கும். உண்மை தெரிஞ்சுடுச்சுன்னு நான் சொன்னா ஆறுதலுக்காகச் சொல்றதா நெனச்சுக்குவாரு. நீங்க சொல்லுங்க."

போனை என் முன்னால் மேஜைமேல் வைத்தாள்.

மறுமுனையில் மூச்சு மட்டும் கேட்டது. மெதுவான, இழுத்து இழுத்து வரும் மூச்சு. குரலால் பிழைத்த மனிதர். ஒரு சொல்லிலேயே, பேசுகிறவன் மனதில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று சொல்லிவிடுவார். அதற்கு மெஷின் வேண்டியதில்லை. என்ன சொன்னாலும் எந்தக் குரலில் வெளியே வரும் என்று பயமாக இருந்தது.

"அருளாந்து" என்றேன். "சாரங்கன் பேசறேன்."

மூச்சு நின்றது.

"அன்னிக்கு போன் பதினோரு மணிக்கே வந்துடுச்சு. நான் உன்கிட்டச் சொல்லல. சொல்லிட்டேன்னு உங்க வீட்டுலயும் பொய் சொன்னேன். உன் பொண்ணு இங்க உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கு."

மூச்சு மறுபடி வந்தது. முன்னைவிட வேகமாக. நான் காத்திருந்தேன், அவர் காத்திருந்தார். சிஸ்டர் ஏதோ மெல்லச் சொல்வது கேட்டது. அடுத்து என்ன சொல்ல வேண்டும் என்று, முப்பத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட நான் யோசித்து வைத்திருக்கவில்லை.